காம்பவுண்டு ஓரம் மறைப்புச் செடி: பெங்களூரு சைட்டுக்கு எது ஒத்துவரும்?

நர்சரிக்குப் போய் "சீக்கிரம் வளரணும், அடர்த்தியா இருக்கணும், வேலிக்குச் செடி குடுங்க" என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் ஃபைகஸ். இரண்டு வருடம் அருமையாக இருக்கும். அப்புறம் அதன் வேர் சம்ப்புக்கும் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) டிரெய்னேஜ் பைப்புக்கும் வழி தேடத் தொடங்கும். கேள்வியைத் தப்பாகக் கேட்டதன் பலன் இது. யார் கண்ணிலிருந்து எந்த இடத்தை மறைக்க வேண்டும், மண்ணில் எத்தனை அடி அகலம் கிடைக்கும், அங்கே எத்தனை மணி நேரம் வெயில் விழும் என்ற மூன்றுக்கும் பதிலோடு போனால், நர்சரியில் இருக்கும் நூறு செடியில் தொண்ணூற்றைந்து தானாகவே கழிந்துவிடும்.

உயரத்தை நூல் பிடித்துப் பாருங்கள்

"பத்தடி வேண்டும்" என்று எல்லோரும் குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள். அளந்து பார்த்தால் சில இடத்தில் ஏழடி போதும், சில இடத்தில் பன்னிரண்டடியும் போதாது. பக்கத்து வீட்டு முதல் மாடி பால்கனியில் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பால்கனித் தளம் பத்தடி, அவர் கண் அதற்கு மேல் ஐந்தடி. ஆக 15 அடி. பால்கனியிலிருந்து காம்பவுண்டுக்கு 8 அடி தூரம். உங்கள் சிட்-அவுட் தரையிலிருந்து இரண்டடி மேலே. நாற்காலியில் உட்கார்ந்தால் உங்கள் கண் 6 அடி உயரத்தில் இருக்கும். நாற்காலி காம்பவுண்டிலிருந்து 10 அடி தள்ளி இருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் நடுவே 9 அடி உயர வித்தியாசம், 18 அடி தூரம். 9-ஐ 10-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் 5. உங்கள் கண் உயரம் 6-ஐக் கூட்டினால் 11. அதாவது செடி 11 அடி வளர்ந்தால்தான் அந்தப் பார்வை அடைபடும்.

அதே நாற்காலியைச் செடிக்கு 3 அடி பக்கத்தில் இழுத்துப் போடுங்கள். மொத்தத் தூரம் 11 அடியாகிவிடும். கணக்கு எட்டரை அடிக்கு இறங்கிவிடும். இரண்டரை அடி வளர இரண்டு வருடம் காத்திருப்பதா, நாற்காலியை நகர்த்துவதா? பல வீடுகளில் நாற்காலிதான் மலிவு.

இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி ஜன்னலை வேலிச் செடியால் மறைக்க முடியாது. அதற்கு மரம் வேண்டும், அல்லது உட்காரும் இடத்துக்கு மேலே பந்தல் வேண்டும். இதைத் தெரியாமல் இருபது செடி வாங்கி நட்டு ஏமாந்தவர்கள் ஏராளம்.

அகலம்தான் தீர்ப்பு

30×40 சைட்டில் வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே கிடைப்பது சுமார் மூன்றடி. அதில் ஆள் நடக்கவும் கேஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு போகவும் ஒன்றரை, இரண்டடி போய்விடும். மிச்சம் ஒரு அடி. இந்த ஒரு அடியில் புதர்ச்செடி வைத்தால் அது பாதையை அடைக்கும். பாதைக்காக அடிக்கடி ஒட்ட வெட்டினால் உள்ளே வெறும் குச்சி தெரியும். இந்த அகலத்துக்குக் கம்பிவலையும் கொடியும்தான் சரி. வெயில் இருந்தால் பூண்டுக்கொடி. ஊதாப் பூ கொத்துக் கொத்தாக வரும், இலை உதிராது, பத்துப் பன்னிரண்டடி தாராளமாக ஏறும். வெயில் குறைந்த சந்தாக இருந்தால் மணிபிளான்ட்டே போதும். வலையில் ஏறியதும் இலை அகலமாகி நன்றாக மூடும். ரங்கூன் மல்லியை ஒரு அடி இடத்தில் வைக்காதீர்கள். அது பக்கத்து வீட்டுக் கேபிளைப் பிடித்து மாடி ஏறிவிடும்.

வலையைச் சுவரோடு ஒட்டி அடிக்காமல் நான்கு அங்குலம் இடைவெளி விடுங்கள். கொடி பின்பக்கமும் சுற்ற இடம் வேண்டும், சுவர்ப் பூச்சும் காய வேண்டும். காம்பவுண்டுக்கு மேலே உயர்த்துவதானால், இரும்பு ஆங்கிளைக் காம்பவுண்டின் கடைசிக் கல் மேல் போல்ட் போட்டு நிறுத்த வேண்டாம். ஆறு அங்குல சாலிட் பிளாக் சுவர் அந்தக் காற்றுச் சுமைக்குக் கட்டியதல்ல. கொடி முழுக்க மூடிய பிறகு அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். தரையில் ஒன்றரை அடி ஆழத்தில் கான்கிரீட் போட்டுக் கம்பத்தை நிறுத்தி, சுவரோடு பக்கவாட்டில் பிடிப்பு மட்டும் கொடுங்கள்.

இரண்டு முதல் மூன்றடி மண் கிடைத்தால் ஒற்றை வரிசைப் புதர்ச்செடி வைக்கலாம். மூன்றடிக்கு மேல் கிடைத்தால் மாற்றி மாற்றி இரட்டை வரிசை. தண்டு காம்பவுண்டிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி தள்ளியே இருக்கட்டும்.

வெயிலை மே மாதத்தில் அளந்து ஏமாறாதீர்கள்

பெங்களூரு 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாயும். மற்ற மாதமெல்லாம் தெற்கே. வீட்டுக்கு வடக்குப் பக்கச் சந்தில் மே மாதம் பளீரென்று வெயில் இருப்பதைப் பார்த்து வெயில் செடி வைத்தால், அக்டோபர் முதல் மார்ச் வரை அது வீட்டின் நிழலிலேயே நிற்கும். ஆகவே நவம்பர், டிசம்பரில் ஒருநாள் மணிக்கொரு முறை போட்டோ எடுத்துப் பாருங்கள். நேரடி வெயில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் என்றால் வெயில் இடம். மூன்றுக்குக் கீழ் என்றால் நிழல் இடம். அங்கே பூச்செடி ஆசையை விட்டுவிட வேண்டும்.

இனிச் செடிகள்

வெயிலுள்ள இடத்துக்கு ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், காமினி. நர்சரியில் முர்ராயா என்றும் சொல்வார்கள். கறிவேப்பிலை வகையறா, சின்ன அடர்ந்த இலை, மழைக்குப் பிறகு வெள்ளைப் பூ பூத்து ராத்திரி தெருவே மணக்கும். முள் கிடையாது, எவ்வளவு வெட்டினாலும் தாங்கும், எட்டு முதல் பத்தடி வரை கொண்டுபோகலாம். நிதானமாகத்தான் வளரும், இரண்டடிச் செடி ஆறடி ஆக இரண்டு, இரண்டரை வருடம் பிடிக்கும். ஒரே எச்சரிக்கை: எலுமிச்சை, நாரத்தை பக்கத்தில் இருந்தால் காமினி வேண்டாம். எலுமிச்சைக்குப் பசுமை நோயைக் கொண்டுவரும் சில்லிட் பூச்சிக்குக் காமினியின் தளிர் ரொம்பப் பிடிக்கும். அங்கே பெருகி எலுமிச்சைக்குத் தாவும்.

பொறுமை இல்லாதவர்களுக்கு ஹமேலியா. ஆரஞ்சு நிறக் குழல் பூ, வருடம் பூராவும் தேன்சிட்டு வரும். ஒரே வருடத்தில் ஐந்தடி தொடும். ஆனால் சட்டம் போட்ட மாதிரி செவ்வகமாக நிற்காது, கொஞ்சம் பரட்டையாகவே இருக்கும். கத்தரித்துக் கத்தரித்து ஒழுங்காக்க நினைத்தால் பூ போய்விடும்.

தண்ணீர் கம்மியான இடத்துக்கு விராலி. விராலிமலைக்குப் பெயர் கொடுத்த அதே செடிதான். பெங்களூரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளில் தானாக வளர்வது. இலை பளபளவென்று இருக்கும், உதிராது, எட்டடி வரை வரும், வேர்பிடித்த பிறகு வாரம் ஒரு தண்ணீர் போதும். எல்லா நர்சரியிலும் கிடைக்காது. வனத்துறை நாற்றங்காலிலும் நாட்டுச் செடி மட்டும் விற்பவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

ஆடாதொடையும் நொச்சியும் நம் ஊர் வேலிகளில் காலங்காலமாக நிற்பவை. ஆடாதொடை பெயரிலேயே சங்கதி இருக்கிறது: ஆடு தொடாது, மாடும் கடிக்காது. குச்சியை வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும் என்பதால் ஐம்பதடி வேலியைக்கூடச் செலவில்லாமல் போடலாம். ஆறேழு அடி வரும், அரை நிழலையும் தாங்கும். நொச்சி பத்தடி தாண்டும், ஆனால் கோடையில் தண்ணீர் இல்லையென்றால் இலை கொட்டி, மறைப்பு தேவைப்படுகிற நேரத்தில் கண்ணாடி மாதிரி நிற்கும். நொச்சி வைத்தால் கொசு வராது என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி வாங்க வேண்டாம். கொசுவை விரட்ட நம்மவர்கள் பயன்படுத்தியது அதன் இலையைப் போட்ட புகையை. வேலியில் சும்மா நிற்கும் செடி அந்த வேலையைச் செய்யாது.

இட்லிப்பூ அழகுதான், ஆனால் போர்வெல் தண்ணீர் வீட்டுக்குத் தொந்தரவு. உப்புத் தண்ணீரும், கட்டட வேலையில் மண்ணில் கலந்த சிமெண்டும் சேர்ந்து மண்ணைக் காரமாக்கும். அப்போது இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். காவிரித் தண்ணீரோ மழைநீரோ இருக்கும் வீட்டில் தாராளமாக வைக்கலாம்.

நிழல் சந்துக்கு ஷெஃப்லெரா, ராபிஸ் பனை, சாங் ஆஃப் இந்தியா என்று விற்கும் டிராசீனா. மூன்றும் ஆறேழு அடி வரும், ஆனால் மெதுவாக. அரெக்கா பனை அரை நிழலிலும் பத்தடி தாண்டும். மேலே நன்றாக மூடும், கீழே தண்டு தெரியும்; காம்பவுண்டு ஐந்தடி இருந்தால் கீழே தெரிவது பிரச்சினையே இல்லை. இலையடியில் வெள்ளைச் சுருள் கோலம் மாதிரி ஏதாவது தெரிந்தால் அது சுருள் வெள்ளை ஈ. தென்னை உள்ள தெருவில் இது வந்தே தீரும். கீழே நிறுத்திய காரின்மேல் பிசுபிசுவென்று ஒழுகும், அப்புறம் கரும்பூசணம் படியும்.

மூங்கில் கேட்பவர்கள் ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். கொத்தாக வளரும் மெல்லிய வேலி மூங்கில்தான் வேண்டும். கன்றின் தண்டு விரல் பருமன்கூட இருக்காது, பத்துப் பதினைந்தடியில் நின்றுவிடும். 'கோல்டன் பேம்பூ' என்று மஞ்சள் தண்டில் பச்சைக் கோடு போட்டு விற்பது பெரும்பாலும் நாற்பது அடி போகும் பெரிய மூங்கில். கன்றில் அழகாக இருக்கும். ஐந்தாம் வருடம் காம்பவுண்டைத் தள்ளும்.

எதை வாங்கக் கூடாது

ஃபைகஸ் வகை எதுவும் சைட் ஓரத்தில் வேண்டாம், 'பாண்டா', 'பிளாக்' என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி. கோனோகார்பஸை மலிவு என்று தள்ளுவார்கள். அதன் வேர் நிலத்தடிக் குழாய்களைப் பிடிக்கும், மகரந்தம் ஒவ்வாமை கொடுக்கும் என்று குஜராத் அரசு 2023-ல் அதை நடுவதற்கே தடை போட்டது. அரளியும் பொன்னரளியும் வெயிலுக்கும் வறட்சிக்கும் சிங்கம் மாதிரி நிற்கும், ஆனால் பால் முழுக்க விஷம். குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டில் யோசனையே வேண்டாம். வெட்டிய அரளிக் குச்சியை எரித்தால் புகையும் கெடுதல். துரந்தாவின் மஞ்சள் பழமும் அப்படித்தான். மூன்றடிக் கரைக்கு மட்டும் வைத்து, பூக்குமுன் வெட்டிக்கொண்டே இருக்க முடிந்தால் பரவாயில்லை. உண்ணிச்செடி காடுகளை ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கிறது, அதை வீட்டிலும் வளர்க்க வேண்டாம்.

தூஜாவைப் பற்றி ஒரு வார்த்தை. கூம்பாகப் பச்சைப் பசேலென்று நிற்பதைப் பார்த்து வரிசையாக வாங்குவார்கள். பழைய மரத்திலிருந்து அது மறுபடி துளிர்க்காது. நிழல் விழுந்த பக்கமோ, அளவுக்கு மீறி வெட்டிய பக்கமோ ஒருமுறை பழுப்பாகிவிட்டால் அந்த ஓட்டை நிரந்தரம்.

நெட்டிலிங்கத்தைப் பெங்களூரில் அசோகா என்றே விற்பார்கள். அது செடியல்ல, மரம். அகலம் குறைவு, உயரம் அதிகம் என்பதால் மாடி ஜன்னலை மறைக்க உதவும். ஆனால் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976-ல் இருந்து அமலில் இருக்கிறது. வளர்ந்த மரத்தைப் பிறகு எடுக்க வேண்டுமென்றால் மர அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டிவரும். நடும்போதே யோசித்துவிடுங்கள்.

வாங்கும்போது கை வைத்துப் பாருங்கள்

லால்பாக் ஒட்டிய சித்தாபுரா நர்சரிகள், ஓசூர் ரோடு, கனகபுரா ரோடு எங்கே போனாலும் உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஆறடி உயரத்தில் மேலே மட்டும் இலை வைத்த செடியைவிட, அடியிலிருந்தே நான்கைந்து கிளை விட்ட இரண்டடிச் செடி மூன்றாம் வருடம் முந்திவிடும். கீழே மொட்டையாக வந்த செடிக்குக் கீழே இலை வைக்க வைப்பது பெரும்பாடு. பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: வேர் ஓட்டை வழியே வந்து தடித்திருந்தால் ரொம்ப நாள் பையிலேயே கிடந்த செடி. ஒரே லாட்டில் வாங்குங்கள். காமினியிலேயே பெரிய இலை, சின்ன இலை என்று ரகம் உண்டு, கலந்து நட்டால் வேலி ஏற்ற இறக்கமாக நிற்கும்.

பெரிய செடிகள் நிறைய ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருகின்றன. வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே நம் செம்மண்ணில் வைத்தால், சுற்றிலும் தண்ணீர் இறங்கிப் போகும், உருண்டை மட்டும் கல்லாகக் காயும். இல்லையென்றால் மழையில் ஊறி உள்ளே வேர் அழுகும். மேலே ஈரமாகத் தெரிகிறதே, செடி ஏன் வாடுகிறது என்று குழம்புவது இங்கேதான். நடுவதற்கு முன் உருண்டையை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வெளிப்புறக் களிமண்ணில் மூன்றில் ஒரு பங்கை விரலால் உதிர்த்துவிடுங்கள். நுனி வேர் கொஞ்சம் அறுந்தால் பாதகமில்லை. அதற்கு ஈடாக மேலேயும் கொஞ்சம் கிள்ளிவிடுங்கள்.

குழி அல்ல, வாய்க்கால்

தனித்தனிக் குழியைவிட நீள வாய்க்கால் நல்லது. வேர் பக்கவாட்டில் ஓடும். முப்பதடி நீளத்துக்கு ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் வெட்டினால் சுமார் 67 கன அடி மண் வரும். அதில் வரும் செங்கல், சிமெண்டுக் கட்டி, டைல்ஸ் துண்டு அத்தனையும் வெளியே போகட்டும். திரும்ப நிரப்ப செம்மண் இரண்டு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, ஊறவைத்த கோகோபீட் ஒரு பங்கு. எரு 40 கிலோ மூட்டையில் ஏழு பிடிக்கும், கோகோபீட் ஐந்து கிலோ கட்டியிலும் ஏழு பிடிக்கும். செடிக்கு நூறு கிராம் வேப்பம் புண்ணாக்கு சேர்த்தால் வேர்ப்புழுத் தொல்லை குறையும். காம்பவுண்டுச் சுவரில் மண்ணை முட்டுக்கொடுத்து மேடாக்காதீர்கள்; ஈரம் ஏறிப் பூச்சு உதிரும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

காமினி, விராலி, ஆடாதொடைக்கு இரண்டடி இடைவெளி. முனையிலிருந்து ஒரு அடி விட்டு ஆரம்பித்தால் முப்பதடிக்குப் பதினைந்து செடி. ஹமேலியாவுக்கு இரண்டரை, அரெக்காவுக்கும் வேலி மூங்கிலுக்கும் மூன்று. சீக்கிரம் மூடட்டும் என்று ஒரு அடிக்கு ஒன்று வைத்தால் முதல் வருடம் சந்தோஷமாக இருக்கும். மூன்றாம் வருடம் நடுவில் இருப்பவை அடியிலை கொட்டிச் சாகும்.

ஜூன், ஜூலையில் நடுங்கள். தப்பினால் செப்டம்பர். பிப்ரவரி முதல் மே வரை நடுவது தண்ணீருக்குப் பிடித்த கேடு.

தண்ணீர்

முதல் மாதம் மழை இல்லாத நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் செடிக்கு ஐந்து லிட்டர். பதினைந்து செடிக்கு 75 லிட்டர். மணிக்கு நான்கு லிட்டர் விடும் சொட்டுமுனை செடிக்கு இரண்டு வைத்து நாற்பது நிமிடம் திறந்தால் கணக்கு சரியாக வரும். மூன்றாம் மாதம் வாரம் இரண்டு, வருடம் தாண்டினால் கோடையில் மட்டும் வாரம் ஒன்று. 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் காவிரித் தண்ணீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று போட்டது ஞாபகமிருக்கும். மறுபடியும் அப்படி ஒரு கோடை வரலாம், எனவே வாஷிங் மெஷினின் கடைசி அலசல் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடிக்க இப்போதே குழாய் போட்டுவிடுங்கள். முதல் சோப்புத் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை எப்போதாவது ஊற்றலாம். அதையே தினமும் ஊற்றினால் இலை ஓரம் கருகத் தொடங்கும்.

மூன்றங்குலத்துக்குச் சருகு மூடாக்கு போட்டால் தண்ணீர்ச் செலவு கண்கூடாகக் குறையும். தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் வெறுமையாக விடுங்கள்.

கத்தரிக்கோலை எப்போது எடுப்பது

மறைப்பு வேலி கீழே ஓட்டையாகிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வேண்டிய உயரம் வரட்டும், அப்புறம் வெட்டலாம் என்று காத்திருப்பது. நட்டு ஒரு மாதத்தில் தளிர் வந்ததும் நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். அதன்பின் ஒரு அடி வளரும் ஒவ்வொரு முறையும் அரை அடி வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே இரண்டு மூன்று கிளை பிரியும், அந்தக் கிளைகள்தான் மறைப்பு. அரெக்கா, ராபிஸ் போன்ற பனைகளுக்கு இது பொருந்தாது. தண்டின் நுனியை வெட்டினால் அந்தத் தண்டு அதோடு முடிந்தது.

வடிவம் கீழே அகலமாக, மேலே ஆறங்குலம் குறுகலாக இருக்கட்டும். நேர் செங்குத்தாக வெட்டினாலே மேல் கிளை குடை பிடித்துக் கீழ் இலைக்கு வெயில் போகாது. தோட்டக்காரர் வந்து மேலே மட்டும் தட்டையாக வழித்துவிட்டுப் போனால் இதுதான் நடக்கும். கூடவே நின்று பக்கவாட்டையும் வெட்டச் சொல்லுங்கள். ஜூன், அக்டோபர், ஜனவரி என்று வருடத்துக்கு மூன்று முறை போதும். ஏப்ரல் வெயிலில் ஒட்ட வெட்டினால் உள்ளிலை கருகும்.

கோளாறு வந்தால்

இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலைமேல் தெளியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. டைல்ஸிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டால் துருக்கறை போகாது, முன்னாடியே சாக்கைப் போட்டு மூடிவிடுங்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி வந்தால், அதிகம் வருவது செம்பருத்தியில்தான், முதலில் அந்தக் கிளையை வெட்டிப் பையில் கட்டிப் போடுங்கள். பிறகு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், இரண்டு மில்லி திரவ சோப்பு கலந்து இலையடி நனைய அடியுங்கள். தண்டில் எறும்பு வரிசை போகிறதா என்று பாருங்கள். பூச்சியை ஊர்விட்டு ஊர் தூக்கிப் போய்க் காப்பது அதுதான். எறும்பை விட்டுவைத்தால் மருந்து வீண்.

வரிசையில் ஒன்றிரண்டு செடி போகத்தான் செய்யும். அப்போது நர்சரியில் அதே வயசு, அதே ரகம் கிடைக்காது; நான்கடி வேலியில் ஒன்றரை அடிக் கன்றை வைத்தால் பக்கத்துச் செடிகளின் நிழலில் அது தேறாது. ஆகவே முதல் நாளே இரண்டு செடி கூடுதலாக வாங்கி, பத்து லிட்டர் பக்கெட்டில் மாடியில் வைத்து, வேலிக்கு வெட்டும்போதெல்லாம் அதையும் வெட்டிக்கொண்டு வாருங்கள்.